பேச்சு வருமுன் பிள்ளைக்குச் சைகை சொல்லிக்கொடுக்கலாமா?

பள்ளத்தூரிலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். பையனுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் "பால்", "இன்னும் வேணும்", "போதும்" என்று கைச்சைகைப் படம் போட்ட அட்டைக் கட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறார். இப்போதே பழக்கினால் பிள்ளை சீக்கிரம் பேசும், மூளையும் கூர்மையாகும் என்பது அவர் கட்சி. மாமியாரோ, "கையக் காட்டியே எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா அவன் எதுக்கு வாயத் திறக்கப் போறான்?" என்கிறாராம். யார் சொல்வது சரி, சொல்லிக்கொடுப்பதென்றால் எப்படி என்பது கேள்வி.

காது கேளாத பிள்ளைகளோடு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். இப்போது காரைக்குடியில் பேச்சு வரத் தாமதமாகும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன்.

மாமியாருடைய பயம் வேண்டாத பயம். நாத்தனாருடைய நம்பிக்கை பாதிக்கு மேல் மிகை. சைகையால் பேச்சு பிந்திப் போகாது. முந்தி வரும் என்பதற்கும் கெட்டியான சான்று கிடையாது. இருந்தும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு என் காரணம் வேறு.

முதலில், நீங்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்பதைக் கவனியுங்கள். "சாமி கும்பிடு" என்றதும் கையைச் சேர்க்கிறானா? அது சைகை. டாட்டா காட்டுவது சைகை. முற்றத்தில் வந்து உட்காரும் காக்காவை விரலை மடக்கி மடக்கிக் கூப்பிடுவது, சூடான டம்ளரைப் பார்த்து "உஃப்" என்று ஊதுவது, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் மேலே நீட்டுவது எல்லாம் அதே கணக்குத்தான். அட்டை அச்சடித்து விற்கிற எவரும் நம் வீட்டு அப்பத்தாக்களுக்குப் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம் என்று வைத்தார்கள்: உட்கார்ந்த பிள்ளையை இரு கையையும் சேர்த்துக் கொட்டச் சொல்லும் பருவம். இன்றைக்குக் குழந்தை மருத்துவரும் அந்த மாதங்களை ஒட்டித்தான் "கை தட்டுறானா, டாட்டா காட்டுறானா?" என்று கேட்கிறார். அப்புறம் வரும் அம்புலிப் பருவத்தில் நிலாவையே கையசைத்துக் கூப்பிட வேண்டும். நிலாவைக் காட்டிச் சோறூட்டுவதை நாம் பிள்ளையை ஏமாற்றும் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் "நான் பார்ப்பதை நீயும் பார்" என்று ஒரு விரலால் சொல்லிக்கொடுக்கிற வேலை அது. மொழிக்கு அடித்தளம் அங்கேதான் விழுகிறது.

வாய்க்கு முன்னால் கை ஏன் வருகிறது? ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்ல நாக்கு, உதடு, அண்ணம், தொண்டை, மூச்சு எல்லாம் ஒரு நொடிக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எட்டு மாதப் பிள்ளைக்கு அது பெரிய வித்தை. கை அப்படியில்லை. அது அவன் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. தன் கை செய்வதை அவனே பார்க்கலாம், நாக்கைப் பார்க்க முடியாது. ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பத்துக் குழந்தைகளை வீட்டுக்கே போய்ப் பின்தொடர்ந்து 2005-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தை முதலில் கையால் சுட்டிய பொருளின் பெயர்தான் பெரும்பாலும் பிறகு சொல்லாக வந்தது. இன்னொன்றையும் பார்த்தார்கள். ஒரு பிள்ளை செருப்பைக் காட்டி "அப்பா" என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பாதி கை, பாதி வாய் சேர்ந்த ஒரு வாக்கியம்: "அப்பா செருப்பு". இப்படிக் கையையும் சொல்லையும் முந்திச் சேர்த்த பிள்ளைகளே இரண்டு சொல் வாக்கியத்துக்கும் முந்தி வந்தார்கள். கையைப் பழகினால் வாய் சோம்பேறியாகும் என்ற பயத்துக்கு இது போதுமான பதில்.

இனி நாத்தனார் பக்கம். இந்தச் சங்கதி பரவியதற்கு இரண்டு வேர் உண்டு. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் லிண்டா அக்ரெடோலோ, சூசன் குட்வின் என்ற இரு உளவியலாளர்கள். 1980-களில் அக்ரெடோலோவின் மகள், பேச்சு வராத வயதில், பூவைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சுருக்கி முகர்ந்து காட்டியிருக்கிறாள். பூ என்பதற்கு அவளே வைத்துக்கொண்ட சொல் அது. அங்கிருந்து ஆராய்ச்சி கிளம்பியது. இன்னொரு பக்கம் ஜோசப் கார்சியா என்ற சைகைமொழி பெயர்ப்பாளர், காது கேளாத பெற்றோரின் காது கேட்கும் குழந்தைகள் எவ்வளவு சீக்கிரம் கையால் பேசத் தொடங்குகிறார்கள் என்று கண்டு அதைப் பிற வீடுகளுக்கும் கொண்டுபோனார்.

அக்ரெடோலோ, குட்வின் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில் 103 குழந்தைகள். பதினோராவது மாதத்தில் தொடங்கி மூன்று வயது வரை பார்த்தார்கள். சைகை பழகியவர்கள் நடுவில் சில சோதனைகளில் கொஞ்சம் முன்னால் நின்றார்கள். வயது ஏற ஏற அந்த முன்னிலை கரைந்துபோனது. எட்டு வயதில் ஐ.க்யூ. பன்னிரண்டு புள்ளி கூடுதல் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அது ஒரு மாநாட்டில் வாசித்தது. சக ஆய்வாளர்கள் சரிபார்க்கும் ஆய்விதழ் எதிலும் அது வரவில்லை. ஆனால் அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும்.

அதன்பிறகு கனடாவில் மூன்று பேர் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, தேறிய பதினேழை மட்டும் வைத்து 2005-ல் எழுதினார்கள்: நன்மை உண்டு என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. இங்கிலாந்தில் எலிசபெத் கிர்க் குழு 2013-ல் செய்ததுதான் எனக்குப் பிடித்த ஆய்வு. நாற்பது தாய்மார்கள், எட்டு மாதத்திலிருந்து இருபது மாதம் வரை. சைகை பழகிய பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிட முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. வித்தியாசம் தெரிந்தது தாய்மாரிடம். சைகை காட்டிய அம்மாக்கள் பிள்ளையின் பேசாத குறிப்புகளை அதிகமாகக் கவனித்தார்கள். அவனுக்கும் ஒரு மனசு இருக்கிறது, அதில் ஏதோ ஓடுகிறது என்று எண்ணிப் பதில் சொன்னார்கள்.

நான் செய்யுங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். பிள்ளை கையால் என்ன சொல்கிறான் என்று தேட ஆரம்பித்தால் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்த்துக்கொண்டே போனைத் தடவ முடியாது.

நம் செட்டிநாட்டுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது. ஒரு காலத்தில் ஒரே வளவில், அதாவது ஒரே பெரிய வீட்டில், ஏழெட்டுப் புள்ளிகள் (கல்யாணமான ஒவ்வொருவர் குடும்பமும் ஒரு புள்ளி), ஒவ்வொரு புள்ளிக்கும் தனி உலை. தவழ்கிற பிள்ளை முன்கூடமான பட்டாலையிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் பத்துப் பேர் அதோடு பேசியிருப்பார்கள். இன்றைக்கு அதே வீட்டில் ஓர் அப்பத்தா, ஒரு மருமகள், ஒரு பிள்ளை. மகன் சிங்கப்பூரிலோ சென்னையிலோ. ஆத்தங்குடிக் கல் பதித்த அவ்வளவு பெரிய தரையில் குரல் எழுப்புவது டி.வி. மட்டும்தான். என்னிடம் வரும் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு நோய் ஒன்றும் இல்லை. அவர்களோடு யாரும் எதிரே உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான். சைகை பழக்குவதை ஒரு சாக்காக வைத்து யாராவது எதிரே உட்கார்ந்தால் எனக்கு அதுவே போதும்.

சரி, எப்படிச் செய்வது? அட்டையைக் காட்டிப் பாடம் நடத்தாதீர்கள். எட்டு மாதப் பிள்ளைக்கு அட்டை என்பது கடிப்பதற்கான பொருள். பால் கொடுக்கும்போது பாலுக்கான சைகை, குளிப்பாட்டும்போது குளிப்பதற்கான சைகை, விளக்கேற்றும்போது விளக்குக்கான சைகை. பொருளும் சைகையும் சொல்லும் ஒரே நேரத்தில் வர வேண்டும். சொல் கட்டாயம் வர வேண்டும். வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால்தான் மாமியார் பயந்தது நடக்கும். உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டுங்கள், அப்போது உதடும் தெரியும். காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் எல்லாருக்கும் கஷ்டம். மனசுக்குள் ஒன்றிலிருந்து ஏழெட்டு வரை எண்ணுங்கள். பிள்ளையின் தலைக்குள் வேலை நடக்க அவ்வளவு நேரம் ஆகும். நாம் இரண்டு எண்ணுவதற்குள் "சொல்லு சொல்லு சொல்லு" என்று அவசரப்படுகிறோம்.

நாலு அல்லது ஐந்து சைகை போதும். அவனுக்கு எதில் ஆசையோ அதிலிருந்து தொடங்குங்கள். இட்லி பிடிக்குமா, இட்லி. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறானா, விரலை மேலே தூக்கிச் சுற்றுங்கள், அதுதான் ஃபேன். "போதும்" என்பதை மட்டும் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். வயிறு நிறைந்த பிள்ளை தலையைத் திருப்பி, சோற்றைத் துப்பி, தட்டைத் தட்டிவிட்டுச் சொல்வதை ஒரு கை அசைவில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நீங்களும் நிறுத்த வேண்டும். "இன்னும் ஒரே வாய், ராசா" என்று திணித்தால் அந்தச் சைகைக்கு மதிப்புப் போய்விடும். நம் வீடுகளில் இது நடப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். வலிக்குச் சைகை சொல்லிக்கொடுத்தால் காது வலியா வயிற்று வலியா என்று பிள்ளையே சொல்லும் என்பார்கள். ஒரு வயதுக்குள் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த வயதில் வலி எங்கே என்று தெளிவாகச் சொல்ல அதற்கு வராது.

அவன் கையைப் பிடித்து வளைத்துச் செய்ய வைக்காதீர்கள். சைகை காட்டினால்தான் பால் என்று பேரம் பேசாதீர்கள். காட்டுகிற சைகை அட்டையில் இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், அவன் "தண்ணி"யை மழலையில் குழப்பிச் சொல்வதுபோலக் கையும் மழலைதான் பேசும். ஆறேழு மாதத்தில் ஆரம்பித்தவர்களுக்குப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பத்தாவது மாதத்தில் ஆரம்பித்தவர்களுக்குச் சில வாரத்தில் தெரிந்துவிடும். அதனால் எட்டில் தொடங்குகிற நீங்கள் ஒன்றையும் தவற விடவில்லை.

என் தம்பி பேத்தியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்திக்கு விளக்கேற்றும்போது அவளுடைய ஆயா (அம்மாவைப் பெற்றவர்) கையைக் கூப்பிக் காட்டுவார். பதினோரு மாதத்தில் அவளும் கூப்ப ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் டியூப் லைட்டைப் பார்த்துக் கும்பிட்டாள், டார்ச்சைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு நாள் கொப்புடையம்மன் கோவிலுக்குத் தூக்கிப் போனபோது சந்நிதியில் சும்மா இருந்துவிட்டு, வெளியே வந்ததும் செல்போன் கடை போர்டைப் பார்த்து உருக்கமாகக் கும்பிட்டாள். ஆயாவுக்கு வெட்கம். எனக்குச் சந்தோஷம். அவளுக்கு அது கும்பிடு இல்லை. "வெளிச்சம்" என்ற சொல். பேசத் தொடங்கிய பிள்ளை நாலு கால் உள்ள எல்லாவற்றையும் "மா" என்று சொல்லுமே, அதே விரிவு. ஒரு பொருளைத் தாண்டி ஒரு வகையை அவள் பிடித்துவிட்டாள். பதினாறாவது மாதத்தில் "லைட்டு" என்ற சொல் வந்தது, கை தானாக இறங்கிவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

எந்தச் சைகை என்ற கேள்வி அடுத்தது. உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து எடுத்தது. அதில் பால் என்பதற்கு ஒரு கையை மூடி மூடித் திறக்க வேண்டும், மடியைப் பிழிவது மாதிரி. "இன்னும்" என்பதற்கு இரண்டு கை விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். செய்யலாம், தப்பில்லை. ஆனால் வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். கட்டைவிரலை வாய்ப்பக்கம் நீட்டினால் தண்ணி என்று உங்கள் மாமியாருக்கும் தெரியும், பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கும் தெரியும், கல்யாணத்துக்கு வந்து நாலு நாள் தங்குகிற சொந்தத்துக்கும் தெரியும். அட்டைச் சைகை உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாகிவிடும். நான் நம் வீட்டுச் சைகையைத்தான் தேர்ந்தெடுப்பேன். அட்டையில் ஆங்கிலம் இருக்கிறது என்பதற்காக நீங்களும் "மில்க், மோர்" என்று மாற வேண்டாம். எந்த மொழியில் நினைக்காமலே கொஞ்ச வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள்.

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கல். அட்டையில் இருப்பதைச் சைகை மொழி என்று சொல்லாதீர்கள். இருபது சைகை ஒரு மொழி ஆகாது, இருபது தமிழ்ச் சொல் தெரிந்தவருக்குத் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாதது போல. சைகை மொழிக்குச் சொந்த இலக்கணம் உண்டு. அமெரிக்கச் சைகை மொழி வேறு, இந்தியச் சைகை மொழி வேறு. ஆங்கில எழுத்தை விரலால் காட்டுவதில்கூட அங்கே ஒரு கை, இங்கே இரண்டு கை. தாய்தந்தை சைகையில் பேசும் வீட்டில் பிறந்த காது கேளாத குழந்தைகள், மற்றப் பிள்ளைகள் "பாபாபா" என்று வாயால் உளறுகிற வயதில் கையால் உளறுகிறார்கள் என்று 1991-ல் லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரென்டெட்டும் காட்டினார்கள். மூளைக்கு வாயும் கையும் ஒன்றுதான்.

ஆனால் 1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகை கூடாது, வாய்ப்பேச்சு மட்டுமே என்று தீர்மானம் போட்டது. அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010-ல் வான்கூவர் மாநாடு வரை ஆயிற்று. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியிலும் அந்தத் தீர்மானத்தின் வால் இருந்தது. வகுப்பில் கையசைத்தால் கையைக் கட்டி உட்காரச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். இரவு விடுதியில் பத்து வாட் பல்பின் கீழ் அந்தப் பிள்ளைகள் மணிக்கணக்காகக் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காது கேட்கும் பிள்ளைக்கு அறிவு வளரும் என்று சைகை அட்டை வாங்குகிற இதே காலத்தில், காது கேளாத பிள்ளையின் பெற்றோர் என்னிடம் வந்து "சைகை மட்டும் வேண்டாம், பாக்குறவுக என்ன நினைப்பாக" என்கிறார்கள். டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-லேயே வந்துவிட்டது. 2018-ல் மூவாயிரம் சொல்லோடு தொடங்கிய அதன் காணொளி அகராதி 2021-ல் பத்தாயிரம் சொல்லாயிற்று. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்களுக்கு அட்டைக்கு வெளியேயும் ஆர்வம் வந்தால் அங்கே போய் நாலு சொல் கற்றுக்கொள்ளுங்கள், என்றாவது ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடம் உதவும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பிள்ளைக்குக் காது சோதித்துவிட்டீர்களா? சைகை அழகாக வருகிறது என்ற மகிழ்ச்சியில் சில வீடுகளில் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். காது கேளாத பிள்ளையும் சைகையை அருமையாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் சைகை வருகிறது என்பது காது கேட்கிறது என்பதற்குச் சான்றாகாது. "முதுகுக்குப் பின்னால தட்டைத் தட்டினேன், திரும்பிப் பாத்தான்" என்பதும் சோதனை ஆகாது. கல் தரையில் தட்டின் அதிர்வு போகும், உங்கள் நிழல் போகும்.

பிறந்ததும் மருத்துவமனையில் ஓ.ஏ.ஈ. என்ற சோதனை செய்திருந்தால் தாளை எடுத்துப் பாருங்கள். காதுக்குள் சின்னக் குமிழ் வைத்து, தூங்கும்போதே சில நிமிடத்தில் முடிக்கிற சோதனை. அதில் சந்தேகம் வந்தால் பெரா என்று தலையில் மின்முனை ஒட்டிப் பார்ப்பார்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு. உங்களுக்கு அந்தக் கணக்குத் தாண்டிவிட்டது என்றாலும் இன்றைக்குச் செய்வது நாளைக்குச் செய்வதைவிட மேல். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று சொந்தத்துக்குள் கட்டியிருந்தாலோ, பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தாலோ, மஞ்சள் காமாலை கடுமையாக இருந்திருந்தாலோ தள்ளிப்போடவே வேண்டாம். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள். குறை இருப்பது தெரிந்தால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்தும் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது.

காது நன்றாக இருந்தும், ஒரு வயதாகியும் மழலை உளறலோ சுட்டிக்காட்டலோ டாட்டாவோ எதுவும் இல்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல் இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் ஸ்பீச் தெரபிஸ்டிடமோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். எந்த வயதானாலும், வந்த சொல்லோ சைகையோ நின்றுபோனால் காத்திருக்காமல் காட்டுங்கள். "அவுக அப்பச்சியும் மூணு வயசுலதான் பேசினாக" என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம். அதைக் காது சோதித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லட்டும்.